இலண்டன் கோபுரமும் அதன் ஆவிகளும்

பேய்க்கதை வழங்காத நாடு உலகில் இல்லை. பாழ்மண்டபமும் பழங்கிணறும் தனித்த ஆலமரமும் எங்கெங்கு உண்டோ, அங்கங்கெல்லாம் ஓர் ஆவியும் குடியிருப்பதாகவே மக்கள் சொல்லி வந்துள்ளனர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழியால் இக்கதைகளை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், சரித்திரம் கற்போர் இவற்றை அவ்வளவு எளிதில் ஒதுக்குதல் தகாது. பேய் உண்டோ இல்லையோ என்பது வேறு வினா. ஓரிடத்தில் இறந்தோர் ஆயிரம்பேர் இருக்க, அவர்களுள் இன்ன சிலரை மட்டும் மக்கள் ஏன் மீண்டும் மீண்டும் நடமாடக் காண்கின்றனர் என்பதே சரித்திர மாணவன் கேட்கவேண்டிய வினா. இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு இலண்டன் கோபுரத்தைப்போல் ஏற்ற இடம் பிறிதொன்று காண்பது அரிது.

கோபுரம் என்னும் பெயர் கேட்டு, அது தனித்து நிற்கும் ஒரு கட்டடம் என எண்ணிவிடலாகாது. தேம்ஸ் நதியின் வடகரையிலே, இரண்டு மதில்களும் ஓர் அகழியும் சூழ, பல கொத்தளங்களையும் மாளிகைகளையும் ஒரு தேவாலயத்தையும் உள்ளடக்கிய பெருங் கோட்டை அது. அதன் நடுவே நிற்பது வெண்கோபுரம். 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நோர்மண்டிக் கோமகன் உவில்லியம், தான் வென்ற நகரத்தாரை அடக்கியாளும் பொருட்டு அதனைக் கட்டத் தொடங்கினான். ஏறத்தாழ 90 அடி உயரமுள்ள அக் கற்கட்டடம் எழுந்தபோது இலண்டன் மாநகரில் அதற்கு நிகரான உயரமுடைய மாளிகை வேறொன்றும் இருக்கவில்லை. நகரத்தைக் காப்பதற்கு மட்டுமன்றி, நகரத்தாரை அச்சுறுத்துவதற்கும் எழுந்த கோட்டை அது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டே அதன் ஆவிகளின் கதையைக் கேட்டல் வேண்டும்.

கோபுரத்தைப் பற்றிய ஆவிக்கதைகளுள் மிகப் பழையது, தலையிழந்த அரசியைப் பற்றியதன்று. ஒரு பேராயரைப் பற்றியது. மூன்றாம் ஹென்றி மன்னன் கோட்டையை நகரின் பக்கமாக விரித்து, புதிய மதில்களையும் ஒரு பெரு வாயிலையும் கட்டுவித்தான். இலண்டன் மக்கள் அதனை வெறுப்போடு நோக்கினர். தம்மைச் சிறையிடுவதற்கே அம்மதில்கள் எழுகின்றன என அவர்கள் எண்ணினர். 1240ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், புனித ஜோர்ஜின் திருநாளன்று இரவு, புதுவாயில் இடிந்து வீழ்ந்தது. மன்னன் அதனை மீளக் கட்டுவித்தான். மறு ஆண்டு அதே திருநாளில் அது மீண்டும் வீழ்ந்தது. அக்காலத்தில் வாழ்ந்த சென் அல்பன்ஸ் மடத்துத் துறவியான மத்தேயு பரிஸ் என்னும் சரித்திர ஆசிரியர் இதனைக் குறித்துவைத்ததோடு, குருவானவர் ஒருவர் கண்ட காட்சியையும் எழுதியுள்ளார். பேராயர் ஒருவர் தமது சிலுவைக் கோலால் மதிலை அடிக்க, அது சரிந்து வீழ்ந்ததாம். அப்பேராயர் தோமஸ் பெக்கற் என்பதும் அங்கே வெளிப்பட்டதாம்.

பெக்கற் இலண்டனிலே பிறந்தவர். 1170ஆம் ஆண்டில், இரண்டாம் ஹென்றியின் வீரர்களால் கன்ரபரித் தேவாலயத்துள் வெட்டுண்டு இறந்தவர். மதிலைக் கட்டிய மூன்றாம் ஹென்றியோ, அந்த இரண்டாம் ஹென்றியின் பேரன். பாட்டனால் மாண்டவர், பேரன் எழுப்பிய மதிலை, தம் ஊரார்பொருட்டு வந்து வீழ்த்தினார் என்பதே கதையின் கருத்து. அரசனை எதிர்த்து வெளிப்படையாகப் பேசமுடியாத மக்கள், தாம் சொல்ல விரும்பியதை ஓர் ஆவியின் வாயிலாகச் சொன்னார்கள். 1990களில் கோட்டையின் மேற்குப்புற அகழியில் நிகழ்ந்த அகழாய்வின்போது, மூன்றாம் ஹென்றியின் காலத்துக் கட்டடமொன்றின் சிதைவுகள் வெளிப்பட்டன. மத்தேயு பரிஸ் கூறும் வாயிலின் எச்சங்களே அவை என அறிஞர் கருதுகின்றனர். நனைந்து இளகிய நிலம் கல்லின் பாரத்தைத் தாங்கவில்லை. மதில் வீழ்ந்தது மெய். அதனை வீழ்த்தியது ஈரமண். ஆயினும், அதன் வீழ்ச்சி கண்டு மக்கள் மகிழ்ந்தனர் என்பதும் மெய்யே. ஆவிக்கதை இல்லையேல் அந்த மகிழ்ச்சி நமக்குத் தெரியவந்திராது.

அடுத்து வருவோர் இரு சிறுவர். வெள்ளாடை உடுத்து, கையோடு கை கோத்து, ஒரு சொல்லும் பேசாது நின்று மறையும் இரண்டு பிள்ளைகளை இரத்தக் கோபுரம் என வழங்கும் கொத்தளத்திற் கண்டதாகப் பலர் சொல்லியிருக்கின்றனர். இக்கதையின் அடியிலே கிடப்பது 1483ஆம் ஆண்டின் அரசியல். அவ்வாண்டு ஏப்பிரில் 9ஆந் தேதி நான்காம் எட்வேட் மன்னன் இறந்தான். அவன் மூத்த மகன் ஐந்தாம் எட்வேட் அப்போது பன்னிரண்டு வயதினன். இளையவன் றிச்சாட் ஒன்பது வயதினன். முடிசூட்டு விழாவுக்காகக் காத்திருக்கும் அரசர் கோபுரத்திலே தங்குவது அக்கால வழக்கம். மூத்தவன் மே மாதத்தில் அங்கே கொண்டு செல்லப்பட்டான். யூன் 16ஆந் தேதி இளையவனும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே சேர்க்கப்பட்டான். பின்னர், பெற்றோரின் திருமணம் செல்லாதென்றும் பிள்ளைகளுக்கு அரசுரிமை இல்லையென்றும் அறிவிக்கப்பட்டது. யூலை 6ஆந் தேதி முடிசூடியவன் அவர்களுடைய சிறிய தந்தையாகிய மூன்றாம் றிச்சாட். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தின் பின் அப்பிள்ளைகளைக் கண்டோர் எவருமிலர்.

கொன்றவன் யார் என்பதில் இன்றும் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்தினர் அல்லர். சிறிய தந்தையின் ஏவலால் தலையணை கொண்டு அழுத்திக் கொன்றனர் எனச் சேர் தோமஸ் மோர் எழுதினார். ஆனால் அவர் அச்சம்பவம் நிகழ்ந்தபோது ஐந்து வயதளவான குழந்தை. 1674ஆம் ஆண்டில் வெண்கோபுரத்தின் தென்புறத்துப் படிக்கட்டு ஒன்றை இடித்த வேலையாட்கள், ஆழத்திலே ஒரு மரப்பெட்டியையும் அதனுள் இரு சிறுவர் எலும்புகளையும் கண்டெடுத்தனர். இரண்டாம் சாள்ஸ் மன்னன் அவற்றைச் சலவைக்கற் பேழையொன்றில் இட்டு, வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்வித்தான். 1933ஆம் ஆண்டில் அப்பேழை திறக்கப்பட்டது. எலும்புகளை ஆராய்ந்தோர், வயது பொருந்துகின்றது என்றனர். ஆயினும், அவை ஆண்பிள்ளைகளுடையவை என்பதைத்தானும் அன்றைய ஆராய்ச்சி நிறுவவில்லை எனப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். தீர்ப்பு எழுதப்படாத வழக்கு இது. அதனாலேயே அப்பிள்ளைகள் மக்கள் கற்பனையில் இன்னும் உறங்காது நிற்கின்றனர் போலும்.

கோபுரத்து ஆவிகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது, எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவியான ஆன் பொலீன் அரசியின் ஆவி. தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் உலாவுகின்றாள் என்பர். இரவிலே தேவாலயத்துள் ஒளி தோன்ற, பழங்காலச் சீமான்களும் சீமாட்டிகளும் ஊர்வலமாக வர, முன்னே அவள் நடந்துசெல்லக் கண்டதாக ஒரு கதை. 1864ஆம் ஆண்டிலே மயங்கி வீழ்ந்து கிடந்த காவல்வீரன் ஒருவன், கடமையில் உறங்கினான் என இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, தன்னை நோக்கி வந்த வெள்ளுருவத்தைத் துப்பாக்கி முனை ஈட்டியாற் குத்தியதாகவும், அது தடையின்றி ஊடுருவிச் சென்றதாகவும் கூறி விடுதலை பெற்றதாக வேறொரு கதை. இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் அவள் தலையைக் குறித்து ஒரு நகைச்சுவைப் பாட்டும் எழுந்தது. கேட்டோர் அனைவரும் சிரித்தனர்.

நடந்தது சிரிப்பதற்குரியதன்று. ஆண்வாரிசு வேண்டிய மன்னனுக்கு அவள் பெற்றுக் கொடுத்தது ஒரு பெண்குழந்தை. 1536ஆம் ஆண்டு மே 2ஆந் தேதி அவள் கோபுரத்தில் அடைக்கப்பட்டாள். தன் உடன்பிறந்தான் உட்பட ஐந்து ஆடவரோடு முறைகேடாக ஒழுகினாள் என்பது குற்றச்சாட்டு. 15ஆந் தேதி, கோபுரத்தின் மண்டபத்திலேயே விசாரணை நடந்தது. தலைமை தாங்கிய நோர்போக் கோமகன் அவளுடைய தாய்மாமன். குற்றப்பத்திரத்திற் குறித்த தேதிகளிற் பலவற்றில், குறித்த இடத்தில் அவளோ குற்றஞ்சாட்டப்பட்ட ஆடவரோ இருக்கவே இல்லை எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் பத்திரங்களை ஒப்புநோக்கிக் காட்டியுள்ளனர். 17ஆந் தேதி ஐந்து ஆடவரும் மாண்டனர். 19ஆந் தேதி, கலேயிலிருந்து வரவழைக்கப்பட்ட வாள்வீரன் ஒரே வீச்சில் அவள் தலையைக் கொய்தான். மன்னன் மறுமணஞ் செய்துகொண்டது அதன்பின் பதினொராம் நாள்.

வாள்வீரனை வரவழைக்க நேரமிருந்தது; சவப்பெட்டி செய்விக்க எவருக்கும் நினைவு வரவில்லை. பணிப்பெண்கள் தலையையும் உடலையும் துணியிற் சுற்றி, படைக்கலச் சாலையிற் கிடந்த வெறும் பெட்டி ஒன்றில் இட்டு, அருகிலிருந்த புனித பேதுரு தேவாலயத்தின் நிலத்திற் புதைத்தனர். பெயர் பொறித்த கல் ஒன்றும் வைக்கப்படவில்லை. 340 ஆண்டுகள் கழித்து, 1876இல் விக்டோரியா மகாராணியாரின் காலத்தில் தேவாலயத்தைப் புதுக்கியபோதுதான், அவளுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் எடுக்கப்பட்டு, பெயர் பொறித்த கல்லின்கீழ் மீள அடக்கஞ் செய்யப்பட்டன. தலையைத் தூக்கித் திரியும் உருவத்தை மக்கள் கற்பனை செய்ததன் காரணம் இதனால் விளங்கும். முறையாக அடக்கஞ் செய்யப்படாதவர் அமைதியுறார் என்பது பல நாட்டாருக்கும் பொதுவான நம்பிக்கை. அவள் பெற்ற பெண்குழந்தையோ 1558ஆம் ஆண்டில் அரியணை ஏறி, எலிசபெத் என்னும் பெயரால் நாற்பத்துநான்கு ஆண்டுகள் இங்கிலாந்தை ஆண்டது.

கதை எவ்வாறு வரலாற்றைத் திரித்துவிடுகின்றது என்பதற்குச் சோல்ஸ்பெரிச் சீமாட்டி மாகிறட் போலின் வரலாறு எடுத்துக்காட்டாகும். அவளது நினைவு நாளில், கோபுரத்துப் புற்றரையிலே ஒரு மூதாட்டி அலறிக்கொண்டு ஓட, கோடரி ஏந்திய கொலைஞன் துரத்தித் துரத்தி வெட்டும் காட்சி தோன்றுமாம். கேட்போர் மயிர் சிலிர்ப்பர். ஆயினும், அவள் ஓடினாள் என்பதற்கு அக்காலச் சான்று இல்லை.

அவள் பழைய அரசகுலத்தவள். தந்தை கோபுரத்திலே கொல்லப்பட்டான். தம்பி பத்து வயதிற் சிறைப்பட்டு, இருபத்துநான்காம் வயதிலே தலையிழந்தான். மூத்த மகனும் அவ்வாறே மாண்டான். இன்னொரு மகன் றெஜினால்ட் போல் உரோமாபுரியிலே கர்தினாலாக இருந்து, மன்னனின் செயல்களைக் கண்டித்து எழுதினான். எட்டாத மகனுக்காக எட்டிய தாயைப் பிடித்தான் எட்டாம் ஹென்றி. நீதிமன்ற விசாரணை எதுவும் இன்றி, பாராளுமன்றச் சட்டத்தினாலேயே அவள் குற்றவாளியாக்கப்பட்டாள். 1541ஆம் ஆண்டு மே 27ஆந் தேதி காலையில், இன்னும் சிறிது நேரத்தில் இறக்கவேண்டும் என்று அறிவித்தபோது, அறுபத்தேழு வயதான அவள், தான் செய்த குற்றம் யாதெனத் தனக்குத் தெரியவில்லை என்றாள். பின்னர் அமைதியாக நடந்துசென்று பிரார்த்தித்தாள். பழகிய கொலைஞன் ஊரில் இல்லை. அவனுக்குப் பதிலாக வந்த இளைஞன் தொழில் அறியாதவன். தலையையும் தோளையும் அவன் சிதைத்தான் என அக்காலத்து அரசத்தூதர் சப்புயிஸ் எழுதினார். அவள் தலைசாய்க்க மறுத்தாள் என்னும் செய்தி, ஒரு நூற்றாண்டுக்குப்பின் வந்த நூலிலேயே காணப்படுகின்றது. அதுவே வளர்ந்து ஓட்டமாகவும் துரத்தலாகவும் ஆயிற்று.

இங்கே கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். கதையிலே கொடுமை கொலைஞனுடையது. வரலாற்றிலே கொடுமை அரசனுடையது. அவன் சொல்லுக்குத் தலையசைத்த பாராளுமன்றத்தினது. ஓடும் கிழவியைக் கண்டு அஞ்சுவோர், குற்றம் யாதெனக் கேட்ட மூதாட்டியின் வினாவை மறந்துவிடுகின்றனர். அவ்வினாவுக்கு அன்று எவரும் விடை கூறவில்லை.

ஜேன் கிறே சீமாட்டியின் கதையும் இத்தகையதே. பதினாறு அல்லது பதினேழு வயதே நிரம்பிய அப்பெண், பெரியோரின் பேராசையால் 1553ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அரியணையில் ஏற்றப்பட்டாள். ஒன்பது நாட்களின்பின் மேரி அரசிக்கு அரசு சென்றது. அரண்மனையாய் இருந்த கோபுரமே அவளுக்குச் சிறையாயிற்று. மறு ஆண்டில் எழுந்த கலகமொன்றிலே தந்தை சேர்ந்துகொள்ள, மகளின் உயிருக்கு உலை வந்தது. 1554ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் தேதி காலையிலே, வெளியே கோபுர மேட்டில் வெட்டுண்ட தன் கணவனின் உடல் வண்டியில் வரக் கண்டாள். பின்னர் தானும் புற்றரைக்குச் சென்றாள். கண்ணைக் கட்டியபின் தலைவைக்கும் கட்டையைக் காணாது கைகளாற் துழாவித் தடுமாறினாள். அருகில் நின்ற ஒருவர் வழிகாட்டினார். அன்றிலிருந்து 403 ஆண்டுகள் கழிந்து, 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் தேதி, காவல்வீரன் ஒருவன் கொத்தளமொன்றின்மேல் வெண்ணிற உருவொன்று கண்டதாகச் செய்தி பரவியது. நாளை நினைவு வைத்திருந்தது ஆவியா, மக்களா என்பதை அறிவுடையோர் உணர்வர்.

ஆவிகள் அனைத்தும் அரசகுலத்தவை அல்ல. முடியணிகளின் காப்பாளராக 1814ஆம் ஆண்டு முதல் 1852ஆம் ஆண்டு வரை கோபுரத்தில் வாழ்ந்த எட்மண்ட் லென்தால் சுவிப்ற் என்பவர், 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து இரவொன்றில் தம் குடும்பத்தோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது, கைத்தடிமன் உள்ள கண்ணாடிக் குழாய் போன்ற ஒன்று மேசைக்கும் கூரைக்கும் இடையே மிதந்ததாகவும், அதனுள் வெண்மையும் இளநீலமும் கலந்த திரவம் சுழன்றதாகவும் எழுதினார். அது தம் மனைவியின் தோளருகே வந்தபோது அவள் தன்னைப் பற்றிக்கொண்டதென அலறினாளாம். அவர் நாற்காலியைத் தூக்கி அடித்தாராம். உடனிருந்த மைத்துனியும் மகனும் ஒன்றையும் காணவில்லை. இதனை அவர் அச்சிற் கொணர்ந்தது 1860ஆம் ஆண்டில். அஃதாவது 43 ஆண்டுகளுக்குப்பின்.

அவர் கூறிய மற்றொரு நிகழ்ச்சி இன்னும் சுவையுடையது. சில நாட்களின்பின், முடியணி வைத்திருந்த அறையின் கதவடியிலிருந்து ஒரு பெருங் கரடி வெளிப்படக் கண்ட காவல்வீரன், அதனை ஈட்டியாற் குத்தினான். ஈட்டி கதவிற் பாய்ந்தது. அவன் மூர்ச்சித்து வீழ்ந்து, இரண்டு மூன்று நாட்களில் இறந்தான். கோட்டைக்குள் கரடியா என வியக்கவேண்டியதில்லை. நூற்றாண்டுகளாக அங்கே அரசரின் மிருகசாலை இருந்தது. 1252ஆம் ஆண்டில் நோர்வே மன்னன் அனுப்பிய வெண்கரடி, சங்கிலியோடு தேம்ஸ் நதியில் இறங்கி மீன்பிடித்தது. 1811ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலிருந்து வந்த பெருங்கரடியொன்று, காவல்வீரன் அஞ்சிய அதே 1817இல் கோட்டையின் மேற்கு வாயிலருகே உயிரோடு இருந்தது. மிருகசாலை 1830களில் மூடப்பட்டது. சிங்கத்தின் முழக்கமும் கரடியின் உறுமலும் மதிலில் மோதி எதிரொலிக்கும் இரவுகளில், தன்னந்தனியே காவல் நின்ற ஓர் இளைஞனின் மனத்தில் எவ்வுரு தோன்றியிருக்கும் என்பது ஊகித்தற்கு அரியதன்று. அவன் பேயினால் இறந்தானல்லன், அச்சத்தினால் இறந்தான். அவன் பெயரைக்கூடச் சுவிப்ற் எழுதிவைக்கவில்லை.

கதைகள் எப்போது பெருகின என்பதையும் நோக்குதல் நன்று. கோபுரம் மெய்யாகவே அச்சத்துக்குரிய சிறையாக இருந்த காலத்தில் ஆவிக்கதைகள் மிகுதியாக எழுந்தில. சிறை காட்சிச்சாலையாக மாறிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவை பல்கின. பிரெஞ்சு ஓவியர் டெலறோஷ், 1830களின் தொடக்கத்தில் கோபுரத்துச் சிறுவர்களையும் ஜேன் கிறேயின் இறுதிக் கணத்தையும் தீட்டி மக்கள் உள்ளத்தை உருக்கினார். திறந்த வெளியில் நடந்த சிரச்சேதத்தை அவர் இருண்ட அறையொன்றினுள் நடந்ததாக வரைந்தார். ஹறிசன் ஏன்ஸ்வேத் 1840ஆம் ஆண்டிலே கோபுரத்தின் பெயராலேயே ஒரு நாவல் எழுதினார். அதனைப் படித்தோர் திரள்திரளாகக் கோட்டையைக் காண வந்தனர். வந்தோர் கேட்க விரும்பியதைக் காவலர் சொல்லினர்.

கோபுரத்தில் ஆறு அண்டங்காக்கைகள் இல்லாது போயின் இராச்சியம் அழியும் என்பதும், இரண்டாம் சாள்ஸ் மன்னன் காலமுதல் அவை பேணப்படுகின்றன என்பதும் இன்று கோட்டைக்கு வருவோர் தவறாது கேட்கும் செய்தி. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அங்கே அவை வளர்க்கப்பட்டமைக்குச் சான்று இல்லையென்றும், இராச்சியம் அழியும் என்னும் வாக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்கு முன் எங்கும் எழுதப்பட்டிலது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்திலே, நாடு நிலைக்கும் என்று நம்புதற்கு மக்களுக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டியிருந்தது. பழையது எனக் கருதப்படும் மரபு ஒன்று தாத்தாவின் வயதினதாகவும் இருத்தல் கூடும்.

இனி, இக்கதைகள் சொல்லாது விட்டவற்றைக் காண்போம். 1278ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்தில், நாணயத்தின் ஓரங்களை வெட்டினர் என்னும் குற்றச்சாட்டின்மேல் இங்கிலாந்து முழுவதிலும் யூதர்கள் பிடிக்கப்பட்டனர். ஏறத்தாழ 600 பேர் சிறையிலிடப்பட்டனர்; இலண்டன் கோபுரம் அவர்களால் நிறைந்தது. மறு ஆண்டில் 260க்கு மேற்பட்டோர் இலண்டனிலே தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியோரும் அவர்தம் இனத்தாரும் 1290ஆம் ஆண்டில் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். 1743ஆம் ஆண்டில், தம்மை மேற்கிந்திய தீவுகளுக்கு அனுப்பப்போகின்றனர் என அஞ்சிப் படையை விட்டகன்ற ஸ்கொத்லாந்துப் போர்வீரர்களுள் மூவர், தேவாலயத்தின் அருகே தம் தோழர்கள் பார்த்து நிற்கச் சுடப்பட்டனர். முதலாம் உலகப் போரின்போது பதினொருவர் ஒற்றர் என அங்கே சுடப்பட்டனர். 1941ஆம் ஆண்டு ஓகஸ்ற் 15ஆந் தேதி இறுதியாகச் சுடப்பட்டவன், கால் முறிந்திருந்தமையால் நாற்காலியில் இருத்தப்பட்டே உயிரிழந்தான்.

காட்சிக்கு வருவோர் கேட்டு மகிழும் ஆவிக்கதைகளிலே இவர்களுக்கு இடமில்லை. யூதப் பெரியவர் ஒருவர் தம் பிள்ளைகளைத் தேடிக் கோபுரத்திலே நடமாடுவதாக எவரும் கதை கட்டவில்லை. ஆவியாக வருதற்கும் அரசகுலத்திற் பிறந்திருத்தல் வேண்டும் போலும்! இறந்தோர் அனைவரையும் மக்கள் நினைவு ஒக்க நோக்குவதில்லை. பட்டாடை உடுத்த துயரத்தையே அது பெரிதும் பேணுகின்றது.

இலங்கைப் பாடசாலைகளில் ஒருகாலத்தில் இங்கிலாந்தின் அரசர் வரிசையே சரித்திரம் எனக் கற்பிக்கப்பட்டது. எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவரின் பெயரையும் முறைபிறழாது ஒப்பித்த மாணவர் பலர். ஆன் பொலீன் தலையிழந்தாள் என்பதை அவர் அறிவர். அவளுக்கு எதிராக எழுதப்பட்ட பத்திரத்தின் தேதிகள் பொருந்தவில்லை என்பதை அறியார். அரசர் பெயரைக் கற்றலோடு நின்றுவிடின், சரித்திரமும் பேய்க்கதையைப் போன்றதே. இரண்டும் உருவத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டா.

ஆயினும், ஆவிக்கதைகளை முற்றாக இகழ்தலும் நேர்மையன்று. நீதிமன்றம் வாய்மூடியிருந்த நாட்களில், இது முறையன்று என்று சொல்ல மக்களுக்கு இருந்த வழி அதுவொன்றே. மதிலை இடித்த பேராயரும், கைகோத்து நிற்கும் பிள்ளைகளும், தலையைச் சுமந்த அரசியும் ஒரு குரலாகச் சொல்வது, எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே. அந்த வழக்கை எடுத்து விசாரிப்பது சரித்திரத்தின் கடமை. பத்திரங்களைத் தேடி, தேதிகளை ஒப்பிட்டு, மண்ணை அகழ்ந்து, குற்றமற்றவரைக் குற்றமற்றவர் என்று எழுதிவைக்கும்போது, அலைந்த ஆவிக்கு அமைதி கிடைக்கின்றது எனலாம். கதையில் இடம்பெறாதோரின் பெயரையும் தேடி எழுதும்போதே அக்கடமை நிறைவுறும்.

இலண்டன் கோபுரத்தின் வாயில்களை ஒவ்வோர் இரவும் காவலர் சாவி கொண்டு பூட்டும் சடங்கு நூற்றாண்டுகளாக இடையறாது நடந்து வருகின்றது. கதவுகள் பூட்டப்பட்டபின் உள்ளே உலாவுவோர் உளரோ இலரோ, அறியோம். அங்கே முடிவுறாத வழக்குகள் பல உள என்பதை மட்டும் அறிவோம்.